பூஜ்ஜியம் போகிற வழி

மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்த உட்காரும்போதெல்லாம் அந்தப் பச்சை பிளாஸ்டிக் தகடு கையில் அகப்படும். ஒரு சாண் நீளம். அதில் வட்டம், செவ்வகம், சாய்சதுரம் என்று பல வடிவங்களில் துளைகள் வெட்டியிருக்கும். கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதும் முன், வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று காகிதத்தில் படம் போட்டுக்கொள்வதற்கு அந்தக் காலத்தில் இதைத்தான் வைத்திருப்போம். செவ்வகம் என்றால் செய்ய வேண்டிய காரியம். சாய்சதுரம் என்றால் கேள்வி. மேல் முனை வழியாக உள்ளே வர வேண்டும், மற்ற மூன்று முனைகளில் ஒன்றின் வழியாக வெளியே போக வேண்டும். என்னிடம் உள்ள தகட்டில் சாய்சதுரத்தின் கீழ் முனை உடைந்திருக்கிறது. பென்சிலை வைத்து இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் கோடு வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். இது டைரக்டர் சாருடையது. எத்தனையோ முறை குப்பையில் போடுவதற்காக எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மறுபடி உள்ளேயே வைத்து இழுப்பறையை மூடிவிடுகிறேன். பிரியத்தினால் அல்ல. அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். மத்திய அரசு ஊழியர்களுக்கு வீடு ஒதுக்குகிற அலுவலகம் அது. டெல்லியில் அரசு குவார்ட்டர்ஸ் கிடைப்பது என்றால் என்னவென்று அந்த ஊரில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சம்பளத்துக்குத் தகுந்த வீடு, பள்ளிக்கூடம் பக்கத்தில், பூங்கா எதிரில், ஒண்டுக்குடித்தனம் கிடையாது, வீட்டுக்காரன் முகத்தில் விழிக்க வேண்டாம். அதற்காக ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் காத்திருப்பார்கள். யார் முதலில் மத்திய அரசு வேலையில் சேர்ந்தாரோ அவருக்கு முதலில் வீடு. விதி இவ்வளவுதான். அந்த வரிசையைப் போட்டுத் தருவது எங்கள் புரோகிராம். எழுபதுகளில் அதை எழுதியவர் டைரக்டர் சார். எழுதி இருபது வருடத்துக்குப் பிறகும் அவர் மேற்பார்வையில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பராமரிக்கிற வேலை என்னுடையது.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். புள்ளியியல் படித்துவிட்டு வந்தவர். ஊரிலுள்ள ஆபீஸ் வேலை முழுவதையும் எல்லோரும் கோபோல் என்ற மொழியில் எழுதிக்கொண்டிருந்தபோது, விஞ்ஞானிகளுக்கென்று செய்யப்பட்ட ஃபோர்ட்ரானில் வீடு ஒதுக்குவதற்குப் புரோகிராம் எழுதிய ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். தனக்குத் தெரிந்தது அதுதான், அது போதும் என்பார். உயரமானவர், எப்போதும் அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இந்தப் பச்சைத் தகட்டின் தலை நீட்டிக்கொண்டிருக்கும். பேசும்போது அதை எடுத்து மேசையில் தட்டிக்கொண்டே பேசுவார். அந்தச் சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குளிர்காலத்தில் மதிய உணவு வேளைக்கு டெல்லியின் அரசு அலுவலகங்கள் மொத்தமும் புல்தரையில்தான் இருக்கும். பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள், ஆண்கள் சீட்டாடுவார்கள், தரையெல்லாம் வேர்க்கடலைத் தோல். நாங்கள் சில பேர் டைரக்டர் சாரைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடி அவர் கம்ப்யூட்டர் மொழிகளின் சரித்திரத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். கேட்டால்தான் சொல்வார் என்றில்லை. ஆரம்பகால இயந்திரங்களில் சிலவற்றுக்குத் தாவத் தெரியாது, துளையிட்ட நாடாவை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிப்பதோடு சரி. ‘இப்படி இருந்தால் அந்தப் பக்கம் போ’ என்று சொல்ல முடிந்த பிறகுதான் இயந்திரத்துக்கு உயிர் வந்தது என்பார். பல்சக்கரங்களால் ஒரு கணக்கு இயந்திரம் கட்ட நினைத்த ஓர் இங்கிலாந்துக்காரர், மின்சாரமெல்லாம் வருவதற்கு முன்பே இதை யோசித்துவிட்டாராம். பிறகு ஐம்பதுகளில் அமெரிக்காவில் ஒரு பெரிய இயந்திரம். இரண்டு எண்களை ஒப்பிட்டு, குறைவு என்றால் ஓர் இடம், சமம் என்றால் இன்னோர் இடம், கூடுதல் என்றால் மூன்றாவது இடம் என்று தாவும் கட்டளை அந்த இயந்திரத்தின் கம்பிகளிலேயே இருந்தது. அதற்காகத்தான் ஃபோர்ட்ரானை எழுதினார்கள். ஆகவே ஃபோர்ட்ரானின் முதல் ‘இஃப்’, அதாவது ‘இப்படி இருந்தால்’ என்கிற கட்டளை, மூன்று வாசலோடு பிறந்தது. அடைப்புக்குறிக்குள் ஒரு கணக்கு, பக்கத்தில் மூன்று எண்கள். விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் முதல் எண்ணிட்ட வரிக்குப் போ, பூஜ்ஜியம் என்றால் இரண்டாவதுக்கு, மேலே போனால் மூன்றாவதுக்கு. படம் போடும்போது சாய்சதுரத்தின் இடது முனை, கீழ் முனை, வலது முனை, அதே வரிசையில்.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் அவருக்குச் சரிவு காலம். ஆபீஸ்காரர்கள் படித்தாலே புரிய வேண்டும் என்று கோபோலில் இஃபை வாக்கியம் மாதிரி ஆக்கினார்கள். ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் கூடி உட்கார்ந்து எழுதிய இன்னொரு மொழி ‘எல்ஸ்’ என்பதை, அதாவது ‘இல்லாவிட்டால்’ என்பதை, ஊர் முழுக்கப் பரப்பிவிட்டது. அறுபதுகளின் கடைசியில் ஒரு டச்சுக்காரர், இப்படி வரிக்கு வரி தாவுவதே கெடுதல் என்று எழுதி எல்லோர் மனதையும் மாற்றினார். டைரக்டர் சார் மனது மட்டும் மாறவில்லை. ‘எல்ஸ்ங்கறது சோம்பேறித்தனம்மா. மிச்சம் மீதியெல்லாம் ஒரே சாக்குல போட்டுக் கட்டறது. என் இஃப்ல மூணு பேருக்கும் மூணு வாசல். ஒவ்வொருத்தன் எங்க போறான்னு நான் எழுதியே ஆகணும்’ என்று சொல்லி, ஆரஞ்சுச் சுளையை மூன்று பக்கமும் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்வார். அப்போதெல்லாம் நானும் தலையாட்டிக்கொண்டு கேட்டவள்தான்.

அந்த நாட்களில் நாங்கள் கரோல் பாகில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான், என் கணவர், பள்ளிக்கூடம் போகும் மகள், கூட என் அப்பா. அம்மா போன பிறகு அப்பாவைத் திருநெல்வேலியிலிருந்து நான்தான் கூட்டி வந்தேன். அவர் மின்சார வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். ஆயுள் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தவர். டெல்லி வந்த புதிதில் கரோல் பாகின் சந்துகளை எல்லாம் நடந்தே தெரிந்துகொண்டார். இந்தி தெரியாமலேயே காய்கறிக்காரனோடு பேரம் பேசினார். அடுத்த மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து கைத்தடி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார், ஆனால் எங்கள் வீட்டுப் படியில் இறங்க முடியாது. செங்குத்தான, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத படி, நடுவில் இருட்டான ஒரு திருப்பம். தரைத்தளத்தில் வீடு கிடைத்தால்தான் அப்பா மறுபடி தெருவைப் பார்ப்பார். தரைத்தளத்தில் தனி வாடகைக்கு இருக்க எங்கள் இரண்டு சம்பளமும் போதாது. குவார்ட்டர்ஸ் ஒன்றுதான் வழி.

மாதா மாதம் ஒதுக்கீட்டுப் பட்டியல் வரும். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தால், பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பா முதலில் கேட்பது அதைத்தான். ‘எம்மா, லிஸ்டு வந்துச்சா?’ வந்தது, நம் பெயர் இல்லை என்பேன். ‘நீதான அந்த மிஷினுக்கு எழுதுத. உனக்கு ஒரு வீடு எழுதிக்கிட முடியலியாக்கும்’ என்று கேலி செய்வார். பிறகு மறுபடி கீழே பார்க்க ஆரம்பிப்பார். கீழே சைக்கிள் ரிக்‌ஷாவும் ஸ்கூட்டரும் ஜனமும் நெரிகிற சந்தை. ‘இந்த ஊர்ல தரைய மேலருந்து பாக்கதுக்குத்தான் நமக்குக் குடுத்து வச்சிருக்கு’ என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

பழைய டேப் இயந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியது போட்டபோது, புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்போதுதான் அந்த இஃபைப் பார்த்தேன். இரண்டு பேர் வேலையில் சேர்ந்த தேதிகளை எடுத்து, முதலாமவர் தேதியிலிருந்து இரண்டாமவர் தேதியைக் கழிக்கிற இஃப். விடை பூஜ்ஜியத்துக்கு மேலே என்றால் இரண்டாமவர் மூத்தவர், இடத்தை மாற்று. கீழே என்றால் முதலாமவர் மூத்தவர், அப்படியே இருக்கட்டும். பூஜ்ஜியம் என்றால்? இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்றால்? இரண்டாவது வாசலுக்கு டைரக்டர் சார் எழுதியிருந்ததும் முதல் வாசலின் அதே எண். அதாவது அப்படியே இருக்கட்டும். டேப்பில் யார் முதலில் இருக்கிறாரோ அவர் முதலில். டேப்பில் பெயர்கள் அமைச்சகக் குறியீட்டு வரிசையில் இருந்தன. எங்கள் அலுவலகம் பிந்தி உண்டானது, ஆகவே எங்கள் குறியீடு கடைசி. என்னோடு ஒரே தேர்வில் தேறி, ஒரே நாளில் வெவ்வேறு அமைச்சகங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏராளம். அத்தனை பேருக்கும் கீழே நான். விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை என்று ஒரு சர்க்குலர் தெளிவாக இருந்தது. நான் கல்யாணத்துக்கு அப்புறம் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவள். என் கூட்டத்தில் அநேகமாக எல்லோருக்கும் நான் மூத்தவள். விதிப்படி எனக்கு எப்போதோ வீடு வந்திருக்க வேண்டும்.

சர்க்குலரை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் சர்க்குலரை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார், யார் யாருக்கு நகல் அனுப்பப்பட்டது என்று கீழே எழுதியிருக்கும் இடத்துக்கு. விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். ‘கம்ப்யூட்டர் செக்‌ஷன் இதுல இல்லையேம்மா’ என்றார். எனக்குப் புரியவில்லை. ‘நமக்கு எண்டார்ஸ் பண்ணலை. நமக்கு அனுப்பாத சர்க்குலரை நாம எப்படி அமல்படுத்தறது?’ நான் நிற்கிற அந்தக் கட்டடத்தின் முதல் மாடியில் போட்ட சர்க்குலர் அது. நாங்கள் மூன்றாவது மாடி. இரண்டு மாடி ஏறி வராததினால் அந்த விதி எங்களுக்குப் பிறக்கவே இல்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நான் விடவில்லை. பூஜ்ஜியத்துக்கு வேறு எண் போட்டு நாலைந்து வரி சேர்த்தால் போதும், ஒரு மணி நேர வேலை என்றேன். அவர் தகட்டை எடுத்து மேசையில் தட்டினார். ‘நான் யோசிக்காம எழுதலைம்மா. ரெண்டு பேரும் சமம்னா அங்க கை வைக்கக் கூடாது. சமம்னா அப்படியே விட்டுடு. அதான் என் கொள்கை.’ பிறகு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். ‘ஆமா, நீயும் இந்த வரிசையில இருக்கே இல்லையா?’ இருக்கிறேன் என்றேன். ‘அப்ப இதை நீ சொல்லலாமா? ஆடிட்காரன் என்ன சொல்லுவான்? வீட்டுக்குக் காத்துண்டிருக்கறவளே புரோகிராமை மாத்திட்டாள்னு சொல்ல மாட்டானா?’ அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதே என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தவறு இருப்பது அதில் அடிபட்டவளுக்குத்தான் தெரியும், அடிபட்டவள் வாய் திறந்தால் சுயநலம். அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ‘சார், எங்க வீட்ல எங்க அப்பா...’ என்றதும் அவர் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார், போக்குவரத்துப் போலீஸ்காரர் காட்டுவது மாதிரி. ‘சொந்த விஷயம் வேண்டாம். ஃபைல்ல போடு, பாக்கலாம்.’ நான் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

ஃபைலில் போட்டேன். எங்கள் செக்‌ஷனின் தலைமை குமாஸ்தாவை எல்லோரும் படே பாபு என்போம், பஞ்சாபிக்காரர். அவர் ஃபைலைக் கட்டும்போதே சிரித்தார். ‘சோடியே மேடம்ஜி, யே ஃபைல் ஆப்கே சாத் ரிட்டையர் ஹோகி’ என்றார். விடுங்கள், இந்த ஃபைல் உங்களோடுதான் ரிட்டையர் ஆகும் என்கிறார். அது முதல் மாடிக்குப் போனது. அங்கிருந்து ஒரு கேள்வியோடு வந்தது. பதிலோடு போனது. நிதிப் பிரிவுக்குப் போனது, நிதிக்கு இதில் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அங்கே ஒருவர் லீவில் போனார், அவர் வந்ததும் இன்னொருவர் போனார். இதற்குள் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. புல்தரையில் ஆரஞ்சும் சரித்திரமும் தொடர்ந்தன. நான் போவதை நிறுத்திக்கொண்டேன். மூன்று வாசல் கதையை இன்னொரு முறை கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வீட்டில் அப்பாவுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ‘கூடுனவனுக்கு ஒரு வழி, கொறஞ்சவனுக்கு ஒரு வழி. சரிசமமா நிக்கவன் எங்கம்மா போவான்?’ என்று கேட்டார். எங்கேயும் போக மாட்டான்ப்பா, நின்ற இடத்திலேயே நிற்பான் என்றேன். ‘நம்மள மாதிரி’ என்றார். பிறகு, ‘சவத்த விடு. சோலியப் பாரு. ஆபீசுல சண்ட கிண்ட போட்டுறாத’ என்று எனக்கே சமாதானம் சொன்னார். அந்த வருடம்தான் அவர் பால்கனிக்கு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். நிற்க முடியவில்லை.

கடைசியில் ஒருநாள் ஃபைல் திரும்பி வந்தது. டைரக்டர் சாரே என்னைக் கூப்பிட்டார். முகம் மலர்ச்சியாக இருந்தது. ‘நீ ஜெயிச்சுட்டேம்மா’ என்றார். பூஜ்ஜியத்துக்குத் தனி வாசல், வயதுப்படி வரிசை, எல்லாம் அங்கீகாரமாகிவிட்டது. நான் வாங்கிப் படித்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. ஏற்கெனவே நிர்ணயிக்கப்பட்ட வரிசையைக் கலைக்க வேண்டாம், இந்த உத்தரவு தேதிக்குப் பிறகு வேலையில் சேர்கிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். இனிமேல் வருகிறவர்களுக்கு. எனக்குப் பிறகு வருகிற எல்லோருக்கும். அந்த வரியை யார் சேர்த்தது என்று கேட்டேன். ‘நான்தான் சஜஸ்ட் பண்ணேன். இல்லேன்னா கோர்ட்டு கேஸுன்னு ஆயிடும். தவிர, உனக்கும் கெட்ட பேர் வராது பாரு’ என்றார். என்னைக் காப்பாற்றியதாக அவர் உண்மையிலேயே நம்பினார். ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன்.

அந்த மாற்றத்தை எழுத வேண்டியவள் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள். உத்தரவுத் தேதிக்கு முன் சேர்ந்தவர் என்றால் பழைய வரிக்குப் போ, பின் சேர்ந்தவர் என்றால் புதிய வரிக்குப் போ என்று இன்னோர் இஃப் எழுதினேன். பழைய தவறை நீக்குவதற்கு அல்ல, அதைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு ஒரு இஃப். ஓட்டிப் பார்க்க யாருடைய விவரத்தையாவது கொடுக்க வேண்டும். என்னுடையதையே கொடுத்தேன். ஒழுங்காகப் பழைய வரிக்குப் போனது. சரியாக வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கோடையில் அப்பா போய்விட்டார். காலையில் காபி குடித்தார், நாற்காலியில் சாய்ந்தார், அவ்வளவுதான். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வந்து எல்லாம் செய்தார்கள். மதியம் பாடையை இறக்க வேண்டும். அந்தப் படியில் எப்படி இறக்குவது என்று ஆண்கள் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் பாடை வேண்டாம், துணியில் வைத்துத் தூக்கிக் கீழே கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். திருப்பத்தில் எல்லோரும் நின்றார்கள். கீழேயிருந்து யாரோ ஏறி வந்துகொண்டிருந்தார். டைரக்டர் சார். ஆபீஸில் தகவல் கேட்டு வந்திருக்கிறார். மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நிமிர்ந்து பார்த்தார். விலக இடமில்லை. அவரால் மேலே வர முடியாது, ஓரமாக நிற்கவும் முடியாது. வந்த படிகளில் ஒவ்வொன்றாகப் பின்னால் காலை வைத்துத் தடவித் தடவி இறங்கினார். அவர் ஒரு படி இறங்கினால் அப்பா ஒரு படி. அவர் கண் அப்பாவின் காலிலேயே இருந்தது. இடுப்பு முறிந்த பக்கத்துக் கால் கொஞ்சம் குட்டையாக, வெளிப்பக்கம் திரும்பி இருக்கும். ஆபரேஷன் முடிந்து மாடியேறி வந்தபின் இத்தனை வருடத்தில் அப்பா முதல்முறையாகத் தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

தெருவில், பாத்திரக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு நின்றிருந்தார். அவர் கடை வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது டைரக்டர் சார் என் பக்கத்தில் வந்தார். அப்பாவின் இடுப்பைப் பற்றி யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். ‘எத்தனை நாளாம்மா இப்படி?’ சொன்னேன். ‘எனக்குத் தெரியாதேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? மெடிக்கல் கிரவுண்டுன்னு ஒரு கமிட்டி இருக்கு, நானே அதுல மெம்பர். அவுட் ஆஃப் டர்ன்ல, வரிசை பாக்காம ஒரு கிரவுண்ட் ஃப்ளோர் வாங்கிக் குடுத்திருப்பேனே.’ அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. விதியின்படி எனக்கு வர வேண்டியதைத் தர இந்த மனிதரிடம் வழியில்லை, விதியைத் தாண்டி இரக்கப்பட்டுத் தர மட்டும் வழி இருந்திருக்கிறது. ‘சொல்ல வந்தேன் சார். நீங்கதான் கையக் காட்டுனீங்க’ என்றேன். ‘நான் கேட்டது அவுட் ஆஃப் டர்ன் இல்ல சார். என் டர்ன்தான் கேட்டேன்’ என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தபோது பச்சைத் தகடும் கூடவே வந்து தெருவில் விழுந்தது. யாருடைய கால் பட்டதோ, அவர் குனிந்து எடுத்தபோது ஒரு முனை உடைந்திருந்தது.

அவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு எல்லோருக்கும் சமோசாவும் பர்பியும் கொடுத்தார். சாயங்காலம் என் மேசைக்கு வந்து தகட்டை வைத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எழுந்து நின்றேன். ‘வச்சுக்கோம்மா’ என்றார். திரும்பி நடந்தார். அதற்கப்புறம் அவரை நான் பார்த்ததில்லை, பல வருடம் கழித்து அவர் இறந்த செய்திதான் வந்தது.

எனக்கு வீடு வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, சரோஜினி நகரில், தரைத்தளத்தில். எதிரே பூங்கா, நடைபாதையில் கூட வெயில் படாத அளவுக்கு வேப்பமரங்கள். முதல் நாள் வாசலில் இருந்து தெருவுக்கு எத்தனை படி என்று பார்த்தேன். ஒரே ஒரு படி. அதில் உட்கார்ந்து அழுதேன். மகள் பயந்துபோய் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

சில வருடங்கள் கழித்துப் பழைய புரோகிராமை மூட்டை கட்டிவிட்டு ஒரு தனியார் நிறுவனத்திடம் புதிதாக எழுதக் கொடுத்தார்கள். அப்போது கையெழுத்துப் போடுகிற இடத்தில் நான் இருந்தேன். அந்த நிறுவனத்திலிருந்து வந்த பெண் நல்ல சூட்டிகை. தேதிகளை ஒப்பிடும் இடத்தைத் திரையில் காட்டினாள். இவர் முன்னால் சேர்ந்தவர் என்றால் இப்படி, எல்ஸ் அப்படி. இரண்டே வாசல். இருவரும் ஒரே நாளில் சேர்ந்திருந்தால் என்று கேட்டேன். ‘வோ எல்ஸ் மே ஆ ஜாயேகா மேம்’ என்றாள், அது எல்ஸில் வந்துவிடும் என்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் கிழவர் சொன்னது சரிதான். அவர் தவறாகவாவது பூஜ்ஜியத்துக்கு ஒரு வாசல் எழுதியிருந்தார், அதனால்தான் என்னால் அந்தத் தவறைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இங்கே பூஜ்ஜியம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. உட்கார வைத்து மூன்றாவது வழியை எழுத வைத்தேன். கூடவே, தேதிக்கு முன் சேர்ந்தவர், பின் சேர்ந்தவர் என்ற அந்த இஃபையும் எடுத்துவிடச் சொன்னேன். அது முடியவில்லை. முதல் மாடியிலிருந்து பதில் வந்தது, உத்தரவு ரத்தாகாத வரை அது இருக்க வேண்டும் என்று. அதையும் எழுதினார்கள்.

இப்போது நாங்கள் டெல்லியிலேயே துவாரகாவில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் இருக்கிறோம். என் மகளும் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது ஒரு செய்தி சொன்னாள். மூன்று வாசல் இஃபை ஃபோர்ட்ரானிலிருந்தே எடுத்துவிட்டார்களாம், ரொம்ப காலமாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒருவழியாக நீக்கிவிட்டார்களாம். ஒரு மொழியிலிருந்தே அதை நீக்க முடிந்திருக்கிறது. நான் எழுதிய அந்த இன்னோர் இஃப் மட்டும் எங்கள் ஆபீஸில் இன்னும் இருக்கும். அந்த வழியாகப் போக வேண்டியவர்கள் அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டோம். போக ஆளில்லாமல் அது பாட்டுக்குத் திறந்து கிடக்கும்.

அவள் போன பிறகு இழுப்பறையைத் திறந்து தகட்டை எடுத்தேன். ஒரு காகிதத்தில் சாய்சதுரம் வரைந்து பார்த்தேன். இடது பக்கம் சரியாக வந்தது, வலது பக்கமும் சரியாக வந்தது. கீழ் முனையில் பென்சில் வழக்கம்போல வழுக்கிக்கொண்டு காகிதத்தின் ஓரம்வரை ஓடியது. சமம் என்றால் அப்படியே விட்டுவிடு என்பார் அவர். சவத்த விடு என்றார் அப்பா. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், என்னால்தான் விட முடியவில்லை. தகட்டை மறுபடி உள்ளே வைத்து இழுப்பறையை மூடினேன்.